விளம்பரக் காசு யார் கல்லாவுக்குப் போகிறது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே விளம்பர ஏஜெண்டுகள் நம் கடைப்படி ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் வந்தவர்கள் நோட்டீஸ் அச்சடிக்கவும், ஆட்டோவில் மைக் கட்டவும், கேபிள் டி.வி.யில் எழுத்து ஓடவிடவும் ஆர்டர் கேட்டார்கள். இப்போது வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "ஆன்லைனில் போடுங்கள் முதலாளி, யாருக்கு மளிகை தேவையோ அவர் கண்ணில் மட்டும் உங்கள் விளம்பரம் படும்" என்கிறார்கள். யாருக்கு மளிகை தேவை என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நாம் கேட்பதில்லை. ஐயாயிரமோ பத்தாயிரமோ எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பண்டிகை முடிந்த பிறகு ஒரு ரிப்போர்ட் வருகிறது. இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் தொட்டார்கள் என்று அதில் கணக்கு இருக்கிறது. எந்தப் பக்கத்தில் வந்தது, எந்த ஊர்க்காரர் பார்த்தார் என்று கேட்டால் பதில் இல்லை. நோட்டீஸ் என்றால் நமக்கு ஒரு பிரதியாவது கையில் மிஞ்சும்.

இந்த ஆன்லைன் விளம்பரத் தொழிலின் அடித்தளமே சில ஆண்டுகளாக ஆட்டம் கண்டுவருகிறது. அதைப் பற்றி நம் வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம். கள்ளக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இதில் என்ன என்று சிலர் நினைக்கலாம். காசு நம்முடையது என்பதே போதுமான காரணம்.

அந்த அடித்தளத்தின் பெயர் 'குக்கீ'. நாம் டப்பாவில் வைத்து விற்கும் சரக்கு அல்ல. 1994இல் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் லூ மொன்டுலி என்ற பொறியாளர் கண்டுபிடித்த ஒரு சிறு ஏற்பாடு. நாம் போனில் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தத் தளம் நம் போனில் ஒரு அடையாளச் சீட்டை வைத்துவிடும். மறுபடி அங்கே போகும்போது அந்தச் சீட்டைப் பார்த்து, 'இவர் நேற்று வந்தவர்' என்று தெரிந்துகொள்ளும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் வந்தால் நாம் அவர் பக்கத்தைப் புரட்டுவதில்லையா, அது போலத்தான்.

வில்லங்கம் மூன்றாம் ஆளின் சீட்டில் இருக்கிறது. நாம் படிப்பது ஒரு நாளேட்டின் தளம். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் போடும் கம்பெனி வேறு. அந்தக் கம்பெனியும் நம் போனில் தன் சீட்டை வைத்துவிடுகிறது. அதே கம்பெனி ஆயிரக்கணக்கான தளங்களில் விளம்பரம் போடுவதால், காலையில் செய்தி படித்ததும், மதியம் மிக்ஸி விலை பார்த்ததும், இரவு மூட்டு வலிக்கு மருந்து தேடியதும் அதன் ஒரே பேரேட்டில் ஏறிவிடுகின்றன. கடைவீதியில் ஒவ்வொரு கடைத் திண்ணையிலும் ஒரே தரகரின் ஆள் உட்கார்ந்துகொண்டு, யார் எந்தக் கடைக்குள் நுழைந்தார், எதை விலை கேட்டார், எதை வாங்காமல் திரும்பினார் என்று குறித்துவைத்து, அந்தக் குறிப்பை மாலையில் ஏலம் விட்டால் நாம் சும்மா இருப்போமா? கம்ப்யூட்டருக்குள் நடந்ததால் இருபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

பிறகு உறுத்தத் தொடங்கியது. ஆப்பிள் கம்பெனி தன் சஃபாரியில் 2017 முதல் இந்தச் சீட்டுகளுக்குக் கட்டுப்பாடு போட்டு, 2020 மார்ச்சில் மூன்றாம் ஆளின் சீட்டை முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இலேயே பின்தொடரும் சீட்டுகளைத் தானாகத் தடுக்கத் தொடங்கிவிட்டது. கூகுள் தன் குரோமில் இரண்டு ஆண்டுகளில் இதை ஒழிப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. அப்புறம் 2023 என்றது, 2024 என்றது, 2025 என்றது. 2024 ஜூலையில் ஒழிக்கப் போவதில்லை, உபயோகிப்பவரின் விருப்பத்துக்கு விடுவோம் என்றது. 2025 ஏப்ரலில் அதற்கென்று தனியாக ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. மாற்று ஏற்பாடாக அது உருவாக்கிவந்தவற்றில் பெரும்பாலானவற்றை அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டது. கொள்முதல் விலையை இப்படி மாற்றி மாற்றிச் சொல்லும் மண்டிக்காரரிடம் நாம் சரக்கு எடுப்போமா தெரியவில்லை.

நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன், அதில் குரோம். ஆகவே ஏஜெண்டு வந்து, "பழைய முறை இன்னும் ஓடுகிறது, கவலை வேண்டாம்" என்று சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் ஒரே ஒரு கம்பெனி மனம் வைத்திருப்பதால் மட்டும் ஓடுகிற முறை அது. கதவு ஒரு பக்கம் சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2021 ஏப்ரலில் பார்த்தோம். ஐபோனில் உள்ள ஆப்கள் ஒருவரைப் பின்தொடர அவர் அனுமதியைக் கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இதனால் 2022ஆம் ஆண்டில் தனக்கு சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியே சொல்லியது. அவ்வளவு பெரிய கப்பலே ஆடியது என்றால், அதில் பெட்டி ஏற்றியிருந்த சிறு வணிகர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த முறை ஓடிய காலத்தில் விளம்பரக் காசு எங்கே போனது? இங்கிலாந்தில் விளம்பரதாரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் இஸ்பா என்ற சங்கம், ஆடிட்டர்களை வைத்து ஒரு கணக்குப் பார்த்தது. 2020இல் அது வெளியானது. விளம்பரதாரர் கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாயிலும், நம் பாஷையில் சொன்னால், பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது 51 ரூபாய்தான். மீதி இடைத்தரகர்களின் பங்கு. அதிலும் 15 ரூபாய் யாரிடம் போனது என்று ஆடிட்டர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. 2023இல் மறுபடி பார்த்தபோது பத்திரிகைக்குச் சேர்ந்தது 65 ரூபாயாக உயர்ந்து, காணாமல் போனது 3 ரூபாயாகக் குறைந்திருந்தது. கேள்வி கேட்டதும் கணக்கு நேராகிறது பாருங்கள். மூட்டைக்கு இவ்வளவு தரகு, இவ்வளவு இறக்குக் கூலி, இவ்வளவு சாக்கு என்று பைசா வரை பார்க்கிற நாம், விளம்பரத் தரகை மட்டும் கேளாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

சீட்டு இல்லாமல் விளம்பரம் நடக்குமா என்பதற்கும் பதில் இருக்கிறது. நெதர்லாந்தில் அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விளம்பரம் பிடிக்கும் அமைப்பு ஸ்டெர். 2020 ஜனவரி முதல் அது மூன்றாம் ஆளின் குக்கீயை அடியோடு விட்டுவிட்டது. பார்ப்பவர் யார் என்று தேடாமல், அவர் எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்து விளம்பரம் போட்டது. சமையல் நிகழ்ச்சியென்றால் சமையல் சாமான், பயண நிகழ்ச்சியென்றால் பயணச் சாமான். முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வருமானம் வெகுவாக உயர்ந்தது. இடையில் இருந்த தரகர்கள் கழிந்ததால் காசு முழுவதும் பெட்டிக்கு வந்தது ஒரு காரணம். அது நாடறிந்த பெரிய நிறுவனம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் அதே லாபம் வரும் என்று நாம் சொல்லவில்லை. நியூயார்க் டைம்ஸும் 2018இல் ஐரோப்பாவில் புதிய தனிநபர் தகவல் சட்டம் வந்தபோது அங்கே ஆளைப் பின்தொடரும் ஏல விளம்பரத்தை நிறுத்தியது. அதன் விளம்பர வருமானம் அதனால் விழவில்லை.

எதைப் படிக்கிறாரோ அதற்கேற்ற விளம்பரம் என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சங்க இதழ்களில் எண்ணெய் மில்காரரும், பருப்பு மொத்த வியாபாரியும், தராசு விற்பவரும் விளம்பரம் தருவது எதனால்? படிப்பவர் மளிகைக்காரர் என்று தெரியும் என்பதனால். சித்திரையில் கூவாகம் திருவிழா சமயத்தில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் தட்டி வைப்பவர் யாருடைய போனையும் நோண்டிப் பார்ப்பதில்லை. சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைச் சரக்கை விற்பவர் பாயச சமையல் குறிப்பின் கீழே விளம்பரம் போட்டால் போதும். மக்காச்சோளம் விதைக்கும் பருவத்தில் விவசாயப் பக்கத்தில் விதைக்கடை விளம்பரம், புளி இறங்கும் மாசி பங்குனியில் ஊறுகாய்க் குறிப்பின் அருகே கல்வராயன் மலைப் புளி, சிறுதானியம் பற்றி டாக்டர் எழுதினால் பக்கத்தில் மலையில் விளைந்த சாமையும் தினையும். இதற்கு யார் பின்னாலும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மூன்றாம் ஆளின் சீட்டு எல்லாம் நாடு முழுக்க விற்கும் கம்பெனிக்குத் தேவைப்பட்டிருக்கலாம். சங்கராபுரத்தில் கடை வைத்திருப்பவரின் வாடிக்கையாளர் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார். அவருக்குத் தேவை ஊரும் பருவமும் மட்டுமே. 2019 நவம்பர் 26 அன்று நாம் தனி மாவட்டமாகிவிட்டோம். ஆனாலும் பழக்க தோஷத்தில் விளம்பரப் படிவத்தில் 'விழுப்புரம்' என்று குறித்துவிட்டால், திண்டிவனத்துக்காரருக்கு நம் அரிசி விலையைக் காட்டக் காசு கொடுத்தவர் ஆவோம். ஏஜெண்டிடம் முதலில் சொல்ல வேண்டியது ஊர்ப் பெயர்கள். அதன் பிறகு, எந்தெந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் வந்தது என்ற பட்டியல் தந்தால்தான் பாக்கிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்கு இறங்காமல் பில்லுக்குப் பணம் தருவதில்லை என்ற நம் வழக்கம் இதற்கும் பொருந்தும்.

பத்திரிகைக்காரர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. தினத்தந்தி, தினமலர், தினமணி போன்ற நாளேடுகள் தங்கள் தளங்களில் உள்ளூர்ச் செய்திகளையும் தருகின்றன. கள்ளக்குறிச்சிச் செய்தியைத் தேடிப் படிப்பவர் நம் வாடிக்கையாளர், அல்லது அவர் மகன். அந்தப் பக்கத்தில் என்ன விளம்பரம் வருகிறது என்று ஒரு நாள் பாருங்கள். தரகுக் கம்பெனி எங்கிருந்தோ அனுப்பிய கடன் விளம்பரமும் முடி வளரும் எண்ணெயும் வருகின்றன. நம் ஊர்க் கடை ஒன்றும் இருக்காது. அச்சுப் பதிப்பில் நிருபரும் ஏஜெண்டும் கடைக்கு நேரில் வந்து விளம்பரம் வாங்கினார்கள். தளத்தில் அந்த உறவு அறுந்துபோனது. மாவட்டப் பக்கத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று நேரடியாக விற்றால், இடையில் யாருக்கும் பங்கில்லாமல் பத்திரிகைக்கும் லாபம், நமக்கும் எங்கே வருகிறது என்று தெரியும். தனிக்கடை ஒன்றால் அந்தத் தொகை முடியாமல் போகலாம். இருபது கடைகள் சேர்ந்தால் முடியும். சங்கத்தின் பெயரில் ஓர் இடத்தை மொத்தமாக எடுத்து, வாரத்துக்கு ஒரு கடையாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது நம் யோசனை. மொத்தக் கொள்முதலின் சூட்சுமம் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே.

பத்திரிகைகள் தரகுக் கம்பெனிகளிடம் சிக்கிக்கொண்டதை அவர்களே உணர்ந்துதான் இருக்கிறார்கள். டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கத்தின் புகாரின் பேரில், கூகுள் மீது விசாரணை நடத்த நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அமெரிக்காவில் விளம்பரச் சந்தையின் இரண்டு பகுதிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரலில் கோர்ட்டே தீர்ப்பளித்தது. வழக்கு வழக்கின் போக்கில் போகட்டும். வழக்கு முடியும்வரை நம் தீபாவளி காத்திருக்காது.

இனி நாம் சொல்லப்போவதுதான் உண்மையில் கவலைக்குரியது. மூன்றாம் ஆளின் சீட்டு செத்தால் வாடிக்கையாளரின் விவரம் யாரிடம் மிஞ்சும்? வாடிக்கையாளர் நேரடியாகப் பெயரும் எண்ணும் கொடுத்துச் சாமான் வாங்கும் இடத்தில் மிஞ்சும். ஆன்லைன் கடைகளுக்கு அது தெரியும். என்ன வாங்குகிறார், எத்தனை நாளைக்கொரு முறை வாங்குகிறார், எந்த சோப்பை விட்டு எந்த சோப்புக்கு மாறினார் என்பதெல்லாம் அவர்களுடைய சொந்தப் பேரேட்டில் இருக்கிறது. அதைக் காட்டியே சோப்புக் கம்பெனியிடமும் பிஸ்கட் கம்பெனியிடமும் விளம்பரக் காசு வாங்குகிறார்கள். அமேசான் 2024ஆம் ஆண்டில் உலகம் முழுக்க விளம்பரத்தில் மட்டும் ஈட்டியது 5,600 கோடி டாலருக்கு மேல். கம்பெனிகளின் விளம்பர பட்ஜெட் ஒன்றுதான். நம் கடை முகப்பில் ராக் வைக்கவும், டிஸ்ப்ளே ஸ்கீமில் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் தரவும் செலவழித்த அதே பையிலிருந்துதான் அங்கேயும் போக வேண்டும். டிஸ்ப்ளே காசு சுருங்கினால், சேல்ஸ்மேனிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மிடம் பேரேடு இல்லையா? அவர்களிடம் இருப்பதைவிட நல்ல பேரேடு நம்மிடம் இருக்கிறது. எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, எந்த வீட்டில் வளைகாப்பு, யாருக்குப் பொன்னி, யாருக்கு இட்லி அரிசி என்பது நமக்கு மனப்பாடம். கரியாலூரிலிருந்தும் வெள்ளிமலையிலிருந்தும் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்து மாதச் சாமான் மூட்டை கட்டிக்கொண்டு போகும் மலைவாசிகளை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். மலையில் சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் எந்தக் கம்பெனியின் குக்கீயும் வேலை செய்யாது. அவர்கள் கடுக்காயும் தேனும் கொண்டுவரும்போது விலையையும் புதுச் சரக்கையும் வாய்வழியே சொல்கிறோமே, அதைவிட நல்ல விளம்பரம் எது? ஆனால் இந்த அறிவு முதலாளியின் தலையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால் கடைப் பையனுக்குத் தெரியாது; மகன் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரியாது. ஆகவே, ஒரு நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ முறையாக எழுதிவைக்கும் பழக்கம் வர வேண்டும். புதுச் சரக்கு வந்ததையும் விலை இறங்கியதையும் வாட்ஸப்பில் சொல்லலாம். வாட்ஸப் பிராட்காஸ்டில் நம் எண்ணைத் தன் போனில் பதிந்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு விதத்தில் அது நல்ல வடிகட்டி. வேண்டாதவர் வீட்டுக் கதவை நாம் தட்டுவதில்லை.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். காகிதக் கடன் நோட்டை இச்சட்டம் தொடாது. அதிலுள்ள பெயரையும் எண்ணையும் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றிய நிமிஷம் சட்டத்துக்குள் வந்துவிடும். எதற்காக எண் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். மளிகைக் கடைக்கு 250 கோடி போடப்போவதில்லை என்று சிரிக்கலாம். ஆனால் நம் அதிகாரிகளுக்கு ஒரு சட்டப்பிரிவு கிடைத்தால் எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்த கதைதானே. சின்னக் கடைகளுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று சங்கங்கள் இப்போதே மத்திய அரசைக் கேட்க வேண்டும். சில வகையினருக்கு விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

சட்டத்தைவிட நம்மைச் சங்கடப்படுத்துவது வேறு. வாடிக்கையாளர் எண் பட்டியலை விலைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. பைனான்ஸ்காரர், சீட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று பல ரூபத்தில் வருவார்கள். எண்ணுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்தக் காசை வாங்குகிறவர், நாம் மேலே சொன்ன திண்ணைத் தரகர் வேலையைத் தானே செய்கிறார். நம் கடையில் கொடுத்த எண்ணுக்கு மறுநாள் கடன் வேண்டுமா என்று போன் வந்தால், அந்த அம்மா அடுத்த மாதம் எந்தக் கடைக்குப் போவார்?

கல்லாவின் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒரு வாசகம் இங்கே தருகிறோம். கடைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

"புதுச் சரக்கு, விலை மாற்றம், கடை விடுமுறை ஆகியவற்றைத் தெரிவிக்க மட்டும் தங்கள் பெயரும் வாட்ஸப் எண்ணும் கேட்கிறோம். வேறு யாருக்கும் தரமாட்டோம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அன்றே நீக்கிவிடுவோம்."

மலையிலிருந்து வருகிறவர்களுக்கும் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் இதை வாயால் சொல்லிவிட்டே எண்ணைக் குறிக்க வேண்டும். எண் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எண் தர விருப்பமில்லை என்பவருக்கும் அதே விலை, அதே தராசு.